அடைப்புக்குறிக்குள் இருந்த விலக்கு: அரிசோனா பணியாளர் சரிபார்ப்புச் சட்ட வழக்கு

அமெரிக்காவில் ஒருவரை வேலைக்கு எடுக்கும் முதலாளி, அந்த நாட்டில் வேலை செய்யும் சட்டப்படியான தகுதி அவருக்கு இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது 1986 முதல் கூட்டாட்சிச் சட்டம். அந்தக் கடமையை மீறும் முதலாளியை ஒரு மாநில அரசும் தன் பங்குக்குத் தண்டிக்கலாமா, கூட்டாட்சி அரசு விருப்பத்துக்கு விட்டிருக்கும் கணினிச் சரிபார்ப்பை ஒரு மாநிலம் கட்டாயமாக்கலாமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் உச்ச நீதிமன்றம் 2011 மே 26 அன்று ‘ஆம்’ என்று விடை சொன்னது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கமும் மூன்று பேர் மறுபக்கமும் நின்ற அந்தத் தீர்ப்பு, அமெரிக்க வர்த்தகச் சபை எதிர் வைட்டிங் என்ற பெயரில் சட்ட நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. அதன் பின்னணி, அதில் மோதிய வாதங்கள், அதற்குப் பின் அரிசோனாவில் நடந்தவை ஆகியவற்றை வரிசையாகப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். தீர்ப்பின் எழுத்துவழிப் பொருள்கோடல் பெரும்பாலும் சரியானது என்றும், முதலாளியைக் குறிவைத்து எழுதப்பட்ட சட்டத்தின் சுமை நடைமுறையில் தொழிலாளியின் தோளில்தான் இறங்கியது என்றும் நான் கருதுகிறேன். இவ்விரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடிகிறது என்பதை வழக்கின் விவரங்களே காட்டும்.

1986இல் போடப்பட்ட அடித்தளம்

வேலைக்கு அமர்த்தும் செயலை முறைப்படுத்துவது நீண்டகாலமாக மாநிலங்களின் அதிகாரத்துக்குள் இருந்த விஷயம். கலிஃபோர்னியா 1971இல், வேலை செய்யும் உரிமை இல்லாத வெளிநாட்டவரைத் தெரிந்தே பணியில் அமர்த்துவதைத் தடை செய்து ஒரு சட்டம் இயற்றியது. 1976இல் டி கானஸ் எதிர் பைகா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்துக்கு எதிரான அடிப்படை ஆட்சேபத்தை நிராகரித்தது. குடியேற்றத்தைத் தொடும் மாநிலச் சட்டங்கள் எல்லாமே குடியேற்றச் சட்டங்கள் ஆகிவிடா என்பது அன்று நிலைநாட்டப்பட்ட கோட்பாடு. பண்ணைகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர்கள் மீது அந்த வழக்கைத் தொடுத்தவர்கள், தங்கள் வேலை பறிபோனதாகக் கூறிய விவசாயத் தொழிலாளர்கள் என்பது இன்று பலரும் மறந்துவிட்ட செய்தி.

பத்து ஆண்டுகள் கழித்து, 1986 நவம்பர் 6 அன்று குடியரசுத் தலைவர் ரீகன் கையெழுத்திட்ட குடியேற்றச் சீர்திருத்தக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிலைமையை மாற்றியது. அதன் கீழ் நாடு முழுவதும் ஐ-9 என்ற படிவம் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளி வேலையில் சேரும் நாளுக்குள் முதல் பகுதியை நிரப்ப வேண்டும். அவர் காட்டும் ஆவணங்களைப் பார்த்து, அவை பார்வைக்கு உண்மையானவையாகத் தோன்றுகின்றன என்று மூன்று பணி நாட்களுக்குள் முதலாளி இரண்டாம் பகுதியில் கையெழுத்திட வேண்டும். தெரிந்தே தகுதியற்றவரை அமர்த்தினால், 1986 சட்டத்தின்படி முதல் முறை ஒரு தொழிலாளிக்கு 250 முதல் 2,000 டாலர் வரை அபராதம் இருந்தது. அதை வழக்கமாகவே செய்பவர்களுக்குச் சிறைத் தண்டனையும் உண்டு.

அபராதத்துக்கு அஞ்சும் முதலாளி, முகத்தையும் உச்சரிப்பையும் பார்த்து ஆட்களைத் தவிர்க்கத் தொடங்குவார் என்பதை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் முன்கூட்டியே உணர்ந்திருந்தார்கள். அதனால்தான் பிறப்பிடத்தையோ குடியுரிமையையோ காரணமாக்கிப் பாகுபாடு காட்டுவதற்கும் தண்டனை வைத்தார்கள். அந்த அச்சம் வீண் போகவில்லை. நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 1990இல் அளித்த அறிக்கை, முதலாளிகள் மீதான தண்டனைகள் பரவலான பாகுபாட்டுக்கு வழிவகுத்துள்ளன என்று கண்டறிந்தது. ஆய்வுக்கு உட்பட்ட முதலாளிகளில் ஏறத்தாழ 19 விழுக்காட்டினர், புதிய சட்டத்தின் விளைவாக ஏதோ ஒரு வகையில் பாகுபாடான நடைமுறையைத் தொடங்கியதாக அவர்களே தெரிவித்திருந்தார்கள்.

இந்த வழக்கின் மையமாக ஆகிப்போன சொற்றொடரும் அதே 1986 சட்டத்தில்தான் இருக்கிறது. தகுதியற்றவர்களை வேலைக்கு அமர்த்துவோர் மீது சிவில் அல்லது குற்றவியல் தண்டனை விதிக்கும் எந்த மாநிலச் சட்டமும் உள்ளூர்ச் சட்டமும் செல்லாது என்று அறிவிக்கும் அந்த விதி, நடுவே ஓர் அடைப்புக்குறியைத் திறந்து, ‘உரிமம் வழங்கும் சட்டங்கள் மற்றும் அவை போன்ற சட்டங்கள் வழியாக அல்லாமல்’ என்ற பொருள்பட ஒரு விலக்கை வைத்து, அடைப்புக்குறியை மூடிவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த விலக்கை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

அரிசோனா அந்த வாசலைத் திறந்த விதம்

மெக்சிகோவோடு எல்லையைப் பகிரும் அரிசோனாவில் கட்டுமானம், தோட்டவேலை, உணவகம், விவசாயம் எல்லாம் ஆவணமற்ற தொழிலாளர்களைப் பெரிதும் சார்ந்திருந்தன. 2007 ஜூன் 28 அன்று, குடியேற்ற முறையை முழுமையாகச் சீரமைக்கும் மசோதா வாஷிங்டனில் செனட் சபையில் முடங்கிப்போனது. அடுத்த நான்காம் நாள், ஜூலை 2 அன்று, ஆளுநர் ஜேனட் நபோலிட்டானோ ‘சட்டப்படியான அரிசோனா தொழிலாளர் சட்டம்’ என்று பெயரிடப்பட்ட மசோதாவில் கையெழுத்திட்டார். அதைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ரசல் பியர்ஸ். கையெழுத்திட்ட ஆளுநரோ ஜனநாயகக் கட்சிக்காரர். நாடாளுமன்றத்தால் இயலாமற்போனதாலேயே மாநிலம் செயல்பட வேண்டியிருக்கிறது என்பது அவர் அன்று எடுத்த நிலைப்பாடு. 2009இல் அவரே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் செயலராகி, இந்தச் சட்டம் சார்ந்திருக்கும், பணித் தகுதியை இணையத்தில் சரிபார்க்கும் இ-வெரிஃபை கணினி முறைக்குப் பொறுப்பாளரும் ஆனார்.

2008 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் புதிய அபராதம் எதையும் விதிக்கவில்லை. அபராதம் விதித்திருந்தால் கூட்டாட்சிச் சட்டத்தின் தடையில் நேராகப் போய் மோதியிருக்கும். அது கைவைத்தது தொழில் உரிமத்தின் மீது. தகுதியற்ற ஒருவரைத் தெரிந்தே அமர்த்திய முதலாளிக்கு முதல் முறை மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. அந்தக் காலத்தில் புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் காலாண்டு அறிக்கை. தேவையெனில் பத்துப் பணி நாட்கள் வரை உரிமம் நிறுத்திவைப்பு. வேண்டுமென்றே செய்தது நிரூபணமானால் கண்காணிப்பு ஐந்து ஆண்டுகள். உரிமத்தைக் குறைந்தது பத்து நாட்கள் நிறுத்திவைப்பது கட்டாயம். கண்காணிப்புக் காலத்துக்குள் இரண்டாம் முறை தவறினால், அந்த இடத்தில் தொழில் நடத்துவதற்கான உரிமங்கள் அனைத்தும் நிரந்தரமாக ரத்தாகும். தொழிலுக்கான மரண தண்டனை என்று இதை அங்கே அழைத்தார்கள்.

உரிமம் என்றால் என்ன என்பதையும் சட்டம் மிக அகலமாகவே வரையறுத்தது. தொழில் நடத்துவதற்காக ஓர் அரசு அமைப்பு வழங்கும் அனுமதி, சான்றிதழ், ஒப்புதல், பதிவு, நிறுவனச் சாசனம் அனைத்தும் அதற்குள் அடங்கின. மருத்துவர், வழக்கறிஞர் போன்றோரின் தொழில்முறை உரிமங்களுக்கும் நீர், சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கும் மட்டும் விலக்கு இருந்தது.

புகார் வந்தால் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அரசு வழக்கறிஞரோ, மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலோ விசாரிக்கலாம். ஆனால் ஒருவரின் குடியேற்ற நிலையை அவர்கள் தாமாகத் தீர்மானிக்கக் கூடாது. கூட்டாட்சி அரசிடம் கேட்டே உறுதிப்படுத்த வேண்டும். பொய்யென்று தெரிந்தே அற்பமாகப் புகார் கொடுப்பது குற்றம். இந்தப் பாதுகாப்புகள் பின்னர் நீதிமன்றத்தில் அரிசோனாவுக்குக் கைகொடுத்தன என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

சட்டத்தின் மற்றொரு பாதி, எல்லா முதலாளிகளும் புதிதாகச் சேர்ப்பவர்களை இ-வெரிஃபை வழியாகச் சரிபார்க்க வேண்டும் என்ற கட்டளை. 1996இல் நாடாளுமன்றம் ஒரு முன்னோடித் திட்டமாகத் தொடங்கிய இந்த முறை 2007இல்தான் இன்றைய பெயரைப் பெற்றது. ஐ-9 படிவத்தில் உள்ள பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவற்றை முதலாளி இணையத்தில் உள்ளிட்டால், அவை சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பதிவுகளோடும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பதிவுகளோடும் ஒப்பிடப்படும். பொருந்தினால் உறுதிப்பாடு வரும். பொருந்தாவிட்டால் தற்காலிகப் பொருந்தாமை அறிவிப்பு வரும். அதை எதிர்க்க விரும்பும் தொழிலாளி எட்டுக் கூட்டாட்சி அலுவலக நாட்களுக்குள் உரிய அலுவலகத்தை அணுக வேண்டும். அதுவரை அவரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது. இந்த முறையைப் பயன்படுத்திய முதலாளி, தகுதியற்றவரைத் தெரிந்து அமர்த்தவில்லை என்று முதற்கண் கருதப்படுவார். அந்த அனுமானத்தைச் சான்று காட்டி உடைக்கும் பொறுப்பு எதிர்த்தரப்புக்கு உண்டு.

வழக்கு ஏறிய படிகள்

சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே வழக்கு வந்துவிட்டது. வாதிகளின் கூட்டணி வழக்கமான ஒன்றல்ல. அமெரிக்க வர்த்தகச் சபையும் மாநிலத்தின் தொழில் சங்கங்களும் ஒருபுறம். லத்தீன் அமெரிக்க மக்களின் உரிமைக்காக நிற்கும் அமைப்புகள் மறுபுறம். மற்ற விவகாரங்களில் எதிரெதிராக நிற்கும் இவ்விரு தரப்பினரும் இதில் ஒரே பக்கம் நின்றார்கள்.

ஃபீனிக்ஸ் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி நீல் வேக், 2008 பிப்ரவரியில் சட்டம் செல்லும் என்றார். அதே ஆண்டு செப்டம்பரில் ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றமும், நீதிபதி மேரி ஷ்ரோடர் எழுதிய தீர்ப்பில், அதை ஆமோதித்தது. வாக்காளர்களும் ஒருமுறை பேசினார்கள்: சட்டத்தின் கடுமையைத் தளர்த்தியிருக்கக்கூடிய, தொழில்துறையினரின் ஆதரவு பெற்ற 202ஆம் முன்மொழிவை 2008 நவம்பரில் அவர்கள் நிராகரித்தார்கள்.

உச்ச நீதிமன்றம் 2010 டிசம்பர் 8 அன்று வாதங்களைக் கேட்டது. கூட்டாட்சி அரசின் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் வர்த்தகச் சபையின் பக்கம் நின்று வாதிட்டது. அந்த அலுவலகத்தின் தலைவராக அண்மையில்தான் இருந்தவர் என்பதால் நீதிபதி எலீனா கேகன் விலகிக்கொண்டார். அதனால்தான் மொத்தம் எட்டு வாக்குகள்.

‘உரிமம்’ என்ற சொல்லின் மேல் நடந்த போர்

தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் நடை நேரானது. உரிமம் வழங்கும் சட்டங்களை நாடாளுமன்றம் தன் தடையிலிருந்து விலக்கியிருக்கிறது. அரிசோனா செய்திருப்பது உரிமத்தை நிறுத்திவைப்பதும் ரத்து செய்வதும்தான். ஆகவே இது விலக்குக்குள் வருகிறது. உரிமம் என்பதற்கு அரிசோனா தந்த வரையறை, கூட்டாட்சியின் நிர்வாக நடைமுறைச் சட்டத்தில் உள்ள வரையறையோடு ஏறத்தாழ ஒத்துப்போவதை அவர் சுட்டிக்காட்டினார். நிறுவனச் சாசனத்தை உரிமம் என்று சொல்ல முடியாது என்று வாதிட்டால்கூட, ‘அவை போன்ற சட்டங்கள்’ என்ற சொற்கள் அதை உள்ளே இழுத்துவிடுகின்றன என்பது அவர் பதில்.

நீதிபதி ஸ்டீஃபன் பிரையர், ரூத் பேடர் கின்ஸ்பர்க் இணைந்த தன் மாறுபட்ட தீர்ப்பில், ஒரு சொல்லுக்கு அகராதி தரும் பொருளும் ஒரு சட்டம் தரும் பொருளும் வேறு வேறு என்று தொடங்கினார். ஓட்டுநர் உரிமமும் உரிமம்தான், திருமண உரிமமும் உரிமம்தான். அவற்றையெல்லாம் ரத்து செய்யும் அதிகாரத்தையா நாடாளுமன்றம் மாநிலங்களுக்குக் கொடுத்தது என்று கேட்டார். 1986இல் மனத்தில் இருந்தது, பண்ணைகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கு மாநிலங்கள் வழங்கிவந்த உரிமம் போன்ற, வேலைக்கு ஆளெடுப்பதையே பொருளாகக் கொண்ட உரிமங்கள் மட்டுமே என்பது அவர் வாசிப்பு. பெரும்பான்மையின் வாசிப்பை ஏற்றால், தடை விதித்த அதே வாக்கியம் தன்னைத் தானே விழுங்கிவிடும். எந்த மாநிலமும் தண்டனைக்கு ‘உரிமம்’ என்று பெயரிட்டுவிட்டு விலக்குக்குள் நுழைந்துவிடலாம்.

இதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரையர் கேட்ட கேள்வி மிகக் கூர்மையானது. ஆனால், ஆளெடுப்புத் தொடர்பான உரிமங்கள் மட்டும் என்று விலக்கைச் சுருக்க வேண்டுமானால் அதை நாடாளுமன்றமே எழுதியிருக்கலாம். அது எழுதிய வாக்கியத்திலோ அப்படி ஒரு சுருக்கம் இல்லை. தங்கள் எண்ணத்தைத் தெளிவாக எழுதாதவர்களுக்காக நீதிமன்றம் அதை எழுதித் தர முடியாது என்ற அளவில் ராபர்ட்ஸின் வாதம் நிற்கிறது.

நீதிபதி சோனியா சோட்டோமயோர் தனியே எழுதிய மாறுபட்ட தீர்ப்பு, நடைமுறையைத் தொடுவதால், என்னைக் கூடுதலாகக் கவர்கிறது. ஒருவர் தகுதியற்றவரைத் தெரிந்தே அமர்த்தினாரா என்பதைத் தீர்மானிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தனியாக ஒரு விசாரணை முறையை, தனி நீதிபதிகளோடு, அமைத்திருக்கிறது. ஐ-9 படிவத்தில் உள்ள தகவலைக் கூட்டாட்சிச் சட்ட நடவடிக்கைகளுக்கு அப்பால் பயன்படுத்துவதையும் அது கட்டுப்படுத்தியிருக்கிறது. அப்படியிருக்க, ஐம்பது மாநிலங்களின் நீதிமன்றங்கள் முழுமையற்ற தகவலை வைத்து, தனித்தனியே அதே கேள்விக்கு விடை சொல்வதை நாடாளுமன்றம் விரும்பியிருக்குமா என்பது அவர் கேள்வி. கூட்டாட்சி நடைமுறையில் ஒரு முதலாளி குற்றவாளி என்று முடிவான பின்பு, அவருடைய உரிமத்தின் மேல் மாநிலம் கைவைக்கட்டும். அந்த முடிவை மாநிலமே எடுக்கக் கூடாது என்றார் அவர். விலக்கின் சொற்களையும் காப்பாற்றி, அமைப்பின் ஒற்றுமையையும் காப்பாற்றும் இந்த நடுவழியை ஐவரில் ஒருவரேனும் ஏற்றிருந்தால், வழக்கின் அந்தப் பாதி நான்குக்கு நான்கு என்று சமநிலையில் நின்றிருக்கும்.

இ-வெரிஃபை பற்றிய இரண்டாம் கேள்வியில் சர்ச்சை குறைவு என்பேன். 1996 சட்டம், இந்தத் திட்டத்தில் சேருமாறு கூட்டாட்சிக்கு வெளியே உள்ள எவரையும் செயலர் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. அந்த வாக்கியம் கட்டிப்போடுவது செயலரையே அன்றி மாநிலங்களை அல்ல என்றார் ராபர்ட்ஸ். அத்துடன், கூட்டாட்சி அரசே முன்னொரு வழக்கில், தன் ஒப்பந்தக்காரர்களுக்கு இந்த முறையைக் கட்டாயமாக்கியதை நியாயப்படுத்தும்போது, அரிசோனாவின் சட்டத்தை அனுமதிக்கத்தக்க ஓர் எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டிருந்தது. அதை அதன் வாயாலேயே எடுத்துக்காட்டியபோது பதில் சொல்வது அரசுக்குக் கடினமாகத்தான் இருந்திருக்கும்.

கூட்டாட்சிச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத இடத்திலும் அதன் நோக்கத்தோடு அரிசோனாவின் சட்டம் மறைமுகமாக மோதவில்லை என்று விளக்கும் பகுதிகளில் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் சேரவில்லை. ஆகவே, பாகுபாட்டையும் தண்டனையையும் சமன்செய்ய 1986 சட்டம் அமைத்த தராசு அரிசோனாவால் சாயவில்லை என்று சொன்ன பகுதிக்கு நான்கு வாக்குகளே கிடைத்தன. தகுதியற்றவரை அமர்த்தக் கூடாது என்ற சட்டத்தையும் பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டத்தையும் சேர்த்துப் பின்பற்றுவதே முதலாளிக்கு அறிவுடைய வழி என்று அந்தப் பகுதி சொல்கிறது. பிரையரின் பதில், ஒரு பக்கம் தொழிலே அழியும் தண்டனையும் மறுபக்கம் பழைய அபராதமும் இருந்தால் எந்தப் பக்கம் தவறுவது மலிவு என்பதை எந்த முதலாளியும் கணக்குப் போட்டுவிடுவார் என்பது. இந்த இடத்தில் பிரையரே சரி என்று நினைக்கிறேன். தண்டனையின் எடையை ஒரு தட்டில் மட்டும் கூட்டிவிட்டு, தராசு அசையவில்லை என்று சொல்ல முடியாது.

கணினி எதைப் பார்க்கிறது

இ-வெரிஃபை எவ்வளவு துல்லியமானது என்ற வாதத்தில் இரு தரப்பும் உண்மையான எண்களையே காட்டின. அரசுக் கணக்கின்படி, சோதிக்கப்படுவோரில் 98 விழுக்காடு அளவுக்கு உடனடியாக உறுதியாகிவிடுகிறார்கள். பிரையரோ, கணினி முதலில் மறுத்தவர்களில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர், அதாவது ஐந்தில் ஒருவர் என்று சொல்லத்தக்க அளவினர், உண்மையில் தகுதியுள்ளவர்கள் என்ற கணக்கை எடுத்துவைத்தார். ஒன்று எல்லோரையும் கீழே வைத்து வகுத்த கணக்கு. மற்றது மறுக்கப்பட்டவர்களை மட்டும் வைத்து வகுத்த கணக்கு. கணினியை நிர்வகிப்பவருக்கு முதல் எண் போதும். கையில் மறுப்பு அறிவிப்போடு நிற்பவருக்கு இரண்டாம் எண்ணே வாழ்க்கை. தவறான மறுப்பு, அமெரிக்காவில் பிறந்தவர்களைவிட, பிற நாட்டில் பிறந்து குடியுரிமை பெற்றவர்களுக்கே கணிசமாக அதிகம் நேர்ந்தது என்பதை அரசு அமர்த்திய மதிப்பீட்டாளர்களின் அறிக்கைகளே பதிவு செய்திருக்கின்றன.

இங்கே தமிழர்களுக்கு நேரடித் தொடர்பு உண்டு. அறிவியல், தொழில்நுட்பப் படிப்பு முடித்த வெளிநாட்டு மாணவர்களுக்கான பயிற்சிக்கால நீட்டிப்பு 2008 ஏப்ரலில் அறிமுகமானபோது, முதலாளி இ-வெரிஃபையில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனையானது. அதனால்தான் அமெரிக்காவில் வேலை தேடும் நம் மாணவர்களின் வாயில் இந்தச் சொல் சாதாரணமாகப் புழங்குகிறது. நம் பெயர் முறையோ அந்தக் கணினியின் கட்டங்களுக்குள் எளிதில் அடங்குவதில்லை. குடும்பப் பெயர் இல்லாத ஒருவரின் கடவுச்சீட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். அமெரிக்க விசாவிலோ அவருடைய பெயர் முழுவதும் குடும்பப் பெயராக மாறி, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கமான எஃப்.என்.யு. என்ற மூன்று எழுத்துகள் வந்து உட்கார்ந்துவிடும். சமூகப் பாதுகாப்பு அட்டை ஒரு வரிசையில், பல்கலைக்கழகப் பதிவு வேறொரு வரிசையில், தந்தை பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் விரிந்தும் இன்னோரிடத்தில் சுருங்கியும் இருக்கும். ஆள் ஒருவர்தான். பதிவுகள் மூன்று. மனிதவள அலுவலர் எந்தப் பதிவைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறாரோ அதைப் பொறுத்தே முதல் வாரம் நிம்மதியாகக் கழிவதும் எட்டு நாள் ஓட்டமாக மாறுவதும்.

மறுபுறம், இன்னொருவரின் உண்மையான பெயரையும் எண்ணையும் கடன் வாங்கி வருபவரைக் கணினி தடையில்லாமல் உள்ளே விட்டுவிடுகிறது. அது ஒப்பிடுவது பதிவைப் பதிவோடு. எதிரே நிற்கும் ஆளை அல்ல. 2009இல் வெளியான மதிப்பீடு ஒன்று, சோதனைக்கு உட்பட்ட தகுதியற்ற தொழிலாளர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் தகுதியுள்ளவர்கள் என்றே உறுதிசெய்யப்பட்டார்கள் என்று கணித்தது. 2006 டிசம்பர் 12 அன்று ஸ்விஃப்ட் என்ற இறைச்சி நிறுவனத்தின் ஆறு ஆலைகளில் அதிகாரிகள் நடத்திய சோதனையில் சுமார் 1,300 தொழிலாளர்கள் கைதானார்கள். அந்த நிறுவனம் இ-வெரிஃபையின் முந்தைய வடிவத்தைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்தது. அதே நிறுவனம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அன்னியராகத் தோன்றியவர்களின் ஆவணங்களை அளவுக்கு மீறித் துருவியதாக நீதித்துறையின் பாகுபாட்டுப் புகாருக்கு உள்ளாகிச் சமரசம் செய்துகொண்டது. துருவினாலும் தவறு, துருவாவிட்டாலும் தவறு என்று முதலாளிகள் சொல்வதை வெறும் புலம்பல் என்று தள்ள முடியாததற்கு இது ஒன்றே போதும்.

தீர்ப்புக்கு முன்னும் பின்னும் அரிசோனா

உரிமம் ரத்தாகும் என்ற அச்சுறுத்தல் பெரிதாக இருந்த அளவுக்கு அது பயன்படுத்தப்படவில்லை. முதல் சில ஆண்டுகளில் முதலாளிகள் மீது தொடுக்கப்பட்ட வழக்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு முதலாளி ‘தெரிந்தே’ செய்தார் என்று நிரூபிப்பது கடினம். இ-வெரிஃபை உறுதிப்பாட்டைக் கோப்பில் வைத்திருப்பவருக்கு எதிராக அது இன்னும் கடினம்.

ஆனால் அதே 2007 மசோதா வேறொன்றையும் செய்திருந்தது. வேலை பெறுவதற்காகப் பிறருடைய அடையாளத்தைப் பயன்படுத்துவதைக் கடுமையான குற்றமாக மாற்றியது. ஃபீனிக்ஸ் நகரை உள்ளடக்கிய மரிகோபா கவுண்டியின் ஷெரிஃப், அதாவது காவல் தலைவர், ஜோ அர்பாயோ இந்தப் பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு, உணவகங்களிலும் பணியிடங்களிலும் சோதனைகள் நடத்தினார். கைதானவர்கள் தொழிலாளர்கள். முதலாளிகளின் சட்டம் என்று அழைக்கப்பட்ட ஒன்றின் பெயரில் விலங்கு மாட்டப்பட்டவர்கள் சமையல்காரர்களும் துப்புரவுப் பணியாளர்களும் என்பதுதான் இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் என் மனத்தை உறுத்தும் செய்தி. 2014 இறுதியில் அந்தச் சோதனைப் பிரிவு கலைக்கப்பட்டது. 2015 ஜனவரியில் கூட்டாட்சி நீதிபதி டேவிட் கேம்பல் அந்தக் குற்றப்பிரிவைப் பயன்படுத்தத் தடை விதித்தார். 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது.

மக்கள்தொகையிலும் விளைவு தெரிந்தது. கலிஃபோர்னியா பொதுக் கொள்கை நிறுவனம் 2011இல் வெளியிட்ட ஆய்வு, குடியுரிமை பெறாத லத்தீன் அமெரிக்க வழியினரின் எண்ணிக்கை 2008, 2009 ஆண்டுகளில் அரிசோனாவில் சுமார் 92,000 குறைந்தது என்றும், அது ஏறத்தாழ 17 விழுக்காடு என்றும் கணித்தது. பொருளாதாரச் சரிவின் பங்கைப் பிற மாநிலங்களோடு ஒப்பிட்டுப் பிரித்துப் பார்த்த பின் கிடைத்த கணக்கு இது. அங்கேயே தங்கியவர்களில் கணிசமானோர் சம்பளப் பட்டியலிலிருந்து வெளியேறிச் சுயதொழில் என்ற பெயரில் நிழல் வேலைகளுக்கு நகர்ந்தார்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவு. சரிபார்ப்புச் சட்டம் பணியாளரைத்தான் தொடும். தனி ஒப்பந்தக்காரர் என்று பெயர் மாற்றிவிட்டால் படிவமும் இல்லை, கணினியும் இல்லை, குறைந்தபட்ச ஊதியக் காப்பும் இல்லை.

பிற மாநிலங்களும் பிந்தைய வழக்குகளும்

தீர்ப்பு வந்த 2011இலேயே அலபாமா, ஜார்ஜியா, வட கரோலினா ஆகியவை தனியார் முதலாளிகளுக்கு இ-வெரிஃபையைக் கட்டாயமாக்கும் சட்டங்களை இயற்றின. மிசிசிப்பி 2008இலேயே தொடங்கியிருந்தது. ஃபுளோரிடா 2023 ஜூலை 1 முதல், 25 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட தனியார் முதலாளிகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. எதிர்த்திசையில், கணினி போதுமான துல்லியம் அடையும் வரை முதலாளிகள் அதில் சேரக் கூடாது என்று இல்லினாய் இயற்றிய சட்டத்தைக் கூட்டாட்சி நீதிமன்றம் 2009இல் செல்லாததாக்கியது. கலிஃபோர்னியாவோ 2011இல், தன் நகரங்களும் கவுண்டிகளும் இதைக் கட்டாயமாக்குவதற்குத் தடை விதித்தது.

தீர்ப்பின் எல்லை எங்கே முடிகிறது என்பதை இரண்டு வழக்குகள் காட்டின. பென்சில்வேனியாவின் ஹேசல்டன் நகரம், ஏறக்குறைய இதே போன்ற உரிமத் தண்டனையைத் தன் உள்ளூர் ஆணையில் வைத்திருந்தது. வைட்டிங் தீர்ப்பின் வெளிச்சத்தில் மறுபடியும் பார்க்குமாறு உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பி அனுப்பியது. மூன்றாம் சுற்று நீதிமன்றம் 2013இல் மீண்டும் அது செல்லாது என்றே சொன்னது. அரிசோனா பின்பற்றிய கூட்டாட்சி வரையறைகளையும் முதலாளிக்கான பாதுகாப்புகளையும் ஹேசல்டன் பின்பற்றவில்லை என்பது காரணங்களில் முக்கியமானது. அடுத்தது, 2012 ஜூன் 25 அன்று வந்த அரிசோனா எதிர் அமெரிக்கா தீர்ப்பு. அனுமதியில்லாமல் வேலை தேடுவதையே தொழிலாளியின் குற்றமாக்கிய மாநில விதியை அது செல்லாததாக்கியது. வேலை செய்பவரைக் குற்றவாளியாக்க வேண்டாம் என்று நாடாளுமன்றம் 1986இல் யோசித்தே முடிவு செய்தது என்பது அதன் அடிப்படை. அந்த முடிவுக்கு 2020 மார்ச்சில் கான்சஸ் எதிர் கார்சியா வழக்கு ஓர் ஓட்டை போட்டது: பிறருடைய சமூகப் பாதுகாப்பு எண்ணை வேலைக்கான வரிப் படிவத்தில் எழுதியதற்காக ஒரு மாநிலம் தொழிலாளியைத் தண்டிக்கலாம் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் ஏற்றது. வேலை தேடியதற்குத் தண்டனை இல்லை. ஆனால் வேலையில் சேரும் அன்று அதே மேசையில் நிரப்பிய இன்னொரு காகிதத்துக்குத் தண்டனை உண்டு.

நாடு முழுவதும் இ-வெரிஃபையைக் கட்டாயமாக்கும் மசோதாக்கள் நாடாளுமன்றத்தில் பலமுறை வந்தும் நிறைவேறவில்லை. திட்டமோ நிரந்தரச் சட்டமாக இல்லாமல், அவ்வப்போது வரவுசெலவு மசோதாக்களோடு சேர்த்து நீட்டிக்கப்பட்டு வருகிறது. அதனால் 2013 அக்டோபரில் 16 நாட்களும், 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாட்களும் கூட்டாட்சி அரசு முடங்கியபோது இ-வெரிஃபையும் நின்றுபோனது. புதிதாக ஆள் சேர்த்த அரிசோனா முதலாளிகள், தங்கள் மாநிலச் சட்டம் கட்டாயம் என்று சொன்ன பக்கத்தைத் திறக்கவே முடியாமல், ஐ-9 படிவங்களை மட்டும் நிரப்பிக் கோப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.